நூறு மணி நேர எஞ்சின்

ஓயாத சக்கரங்கள் – 6

போர்ஷே 911 ஜிடி3 கப் காரின் எஞ்சினை 100 மணி நேரம் ஓடிய பிறகு பிரித்துச் செப்பனிட வேண்டும் என்பது அதைத் தயாரித்த நிறுவனத்தின் கணக்கு. கியர்பாக்ஸுக்கு 60 மணி நேரத்தில் சின்ன சர்வீஸ், 120 மணி நேரத்தில் பெரிய சர்வீஸ். வீட்டுக் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு. இந்தக் காருக்கு மணிக் கணக்கு.

துபாயில் ஒரே ஒரு 24 மணி நேரப் பந்தயம் ஓடினால் போதும், அந்த எஞ்சினின் ஆயுளில் கால் பங்கு கரைந்துவிடும். அதற்கு முந்தைய பயிற்சி ஓட்டங்கள், தகுதிச் சுற்று, மாதக்கணக்கில் நடக்கும் சோதனை ஓட்டங்கள் எல்லாம் தனி. அதனால்தான் எண்டூரன்ஸ் ரேஸ் அணி ஒன்று புதிய சீசனுக்குத் தயாராக உட்காரும்போது முதலில் திறப்பது காரின் பானெட்டை அல்ல, கணக்கு நோட்டை. எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும், எந்தப் பந்தயத்துக்கு முன்னால் அதைக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்று ஒவ்வொரு வீல் பேரிங்குக்கும், ஒவ்வொரு டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் தனித்தனி வரி இருக்கும்.

எண்டூரன்ஸ் எனப்படும் நெடுநேரப் பந்தயத்தின் விதி எளிமையானது. 4 மணி, 6 மணி, 12 மணி, 24 மணி என்று நேரத்தைக் குறித்துவிடுவார்கள். அந்த நேரத்துக்குள் அதிகச் சுற்றுகள் ஓடிய கார் ஜெயிக்கும். இந்த வகைப் பந்தயங்களின் தாய் வீடு பிரான்ஸின் லெ மான். அங்கே 1923-ல் தொடங்கியது 24 மணி நேர ஓட்டம். 13 கிலோமீட்டருக்கும் நீளமான அந்தத் தடத்தில் 2010-ல் ஜெயித்த ஆடி கார் 397 சுற்றுகள் ஓடியது. மொத்தம் 5,410 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் கிளம்பிக் கிட்டத்தட்ட நாக்பூர் வரை போகிற தூரம். அத்தனையும் ஒரே நாளில், ஒரே காரில்.

ஓட்டுபவர் மூன்று நான்கு பேர் மாறலாம். காருக்கு மாற்று கிடையாது.

சென்னையிலிருந்து ஓர் அணி

2024 செப்டம்பரில் 'அஜித் குமார் ரேசிங்' என்ற பெயரில் புதிய அணியை நடிகர் அஜித் குமார் அறிவித்தபோது, தமிழ்நாட்டில் பலருக்கு அது ஒரு நட்சத்திரத்தின் ஆசையாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவர் பந்தயத் தடத்துக்குப் புதியவர் அல்லர். 2003-ல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா போட்டிகளில் ஓட்டியவர்; 2010-ல் ஃபார்முலா 2 வரை போனவர். இடையில் சினிமா நீண்ட காலம் அவரை எடுத்துக்கொண்டது. இம்முறை அவர் திரும்பி வந்தது ஒற்றையாளாக அல்ல, அணி உரிமையாளராக. இலக்கு, டச்சு நிறுவனமான கிரெவென்டிக் நடத்தும் 24 மணி நேரத் தொடரின் போர்ஷே கப் பிரிவு. முதல் பெரிய மேடை, 2025 ஜனவரியில் துபாய் ஆட்டோட்ரோமில் நடக்கவிருந்த 24 மணி நேரப் பந்தயம்.

அறிவிப்புக்கும் பந்தயத்துக்கும் நடுவே நான்கு மாதம்கூட இல்லை. அதற்குள் கார், அதைப் பராமரிக்கும் தொழில்நுட்பக் குழு, சக ஓட்டுநர்கள், காப்பீடு, உரிமங்கள், டயர், உதிரிபாகங்கள், விமானச் சரக்கு எல்லாம் ஒருங்கு சேர வேண்டும். காரைத் தயார்ப்படுத்தும் பொறுப்பை நெதர்லாந்தின் பாஸ் கோட்டன் ரேசிங் ஏற்றது. பெல்ஜியத்தின் ஃபேபியன் டுஃபியூ, மத்தியூ டெட்ரி, ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்லியோட் ஆகியோர் சக ஓட்டுநர்கள். பார்சிலோனா தடத்தில் சோதனை ஓட்டங்கள் நடந்தன. காரிலும் ஹெல்மெட்டிலும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சின்னம் இடம்பெற்றது.

உடலையும் அதற்குள் தயார்ப்படுத்தியாக வேண்டும். துபாய் பந்தயத்தின்போது அஜித்துக்கு வயது 53. மாதக்கணக்கில் உழைத்து எடையை வெகுவாகக் குறைத்திருந்தார். பந்தய சீசன் நடக்கும் மாதங்களில் படங்களை ஒப்புக்கொள்ளப் போவதில்லை என்றும் அறிவித்தார். மூடிய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தொடும். தீப்பிடிக்காத கனத்த உடை, தலையில் ஹெல்மெட். ஒருமுறை உட்கார்ந்து எழுவதற்குள் ஓட்டுநர் வியர்வையிலேயே இரண்டு மூன்று கிலோ இழப்பது சாதாரணம். வளைவுக்கு வளைவு கழுத்து ஒரு பக்கமாக இழுபடும். ஜிம்மில் கழுத்துக்கென்றே தனிப் பயிற்சி செய்யும் விளையாட்டுகள் சிலவே. கார் பந்தயம் அவற்றில் ஒன்று.

ஏறிய கியரில் இறங்கு

பந்தயக் காரின் பிரேக்கைப் புரிந்துகொள்ள மலைச்சாலைக்குப் போவோம். ஜவ்வாது மலையில் இருக்கும் ஜமுனாமரத்தூருக்குப் போளூர் பக்கமிருந்தும், ஆலங்காயம் பக்கமிருந்தும், வேலூரிலிருந்து அமிர்தி வழியாகவும் சாலைகள் ஏறுகின்றன. அந்த வளைவுகளில் தினமும் பஸ் ஓட்டுகிற டிரைவர்களுக்கு ஒரு பாடம் உண்டு: ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இறக்கத்தில் கியரைத் தளர்த்திவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பினால், பாதி மலை இறங்குவதற்குள் சக்கரத்திலிருந்து கருகல் வாடை கிளம்பும். ஓடுகிற வண்டியின் வேகம் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றித்தான் நிறுத்துகிறது. வெப்பம் அளவு மீறினால் பிரேக் பேடின் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக் குமிழ்கள் உண்டானால், மிதிக்கிற கால் வெறுமனே உள்ளே போகும்.

பந்தயக் காருக்கும் இதே இயற்பியல்தான். என்ன, மலைப்பாதையில் அரை மணி நேரத்தில் நடப்பதைப் பந்தயக் கார் ஒவ்வொரு சுற்றிலும் செய்கிறது. நேர்ச்சாலையில் 250 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சில நொடிகளில் அதை 80-க்கு இறக்கி, வளைந்து, மறுபடி ஏற்றி, அடுத்த வளைவில் மறுபடி இறக்குகிறது. இரவில் எடுத்த படங்களில் சக்கரத்துக்குள் பிரேக் தட்டு செந்தணலாக ஒளிர்வதைப் பார்க்கலாம். 24 மணி நேரத்தில் இது பல ஆயிரம் தடவை நடக்கும்.

அதனால் சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டங்களில் பிரேக் பேடுகளின் தடிமனை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அளந்து எழுதி வைக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் தேய்கிறது என்று தெரிந்துவிட்டால், பந்தயத்தின் எத்தனையாவது மணி நேரத்தில் மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஓட்டுநருக்கும் ஒரு பழக்கத்தைக் கற்றுத் தருகிறார்கள். வளைவுக்கு வழக்கமாகப் பிரேக் மிதிக்கும் இடத்துக்குச் சற்று முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, காரைச் சிறிது தூரம் தன் போக்கில் உருளவிட வேண்டும். சுற்றுக்கு நொடியில் பத்தில் சில பங்கு போகும். ஆனால் பெட்ரோல் மிஞ்சும், பிரேக் மிஞ்சும், கடைசி மணி நேரத்தில் கார் மிஞ்சும். ஒற்றைச் சுற்றில் மின்னல் வேகம் காட்டிப் பெயர் வாங்கிய ஓட்டுநர்களுக்கு இதைப் பழகுவது எளிதல்ல. வேகமாக ஓட்டத் தெரிந்தவனுக்கு மெதுவாக ஓட்டக் கற்றுத் தருவதுதான் இந்த அணிகளின் பெரும் பாடு.

பதிமூன்று மணி நேர இருட்டு

லெ மான் பந்தயம் ஜூன் மாதம் நடப்பது. அங்கே அப்போது கோடை. இரவு எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். துபாய் பந்தயம் ஜனவரியில். அங்கே இருட்டு ஏறத்தாழ 13 மணி நேரம். பந்தயத்தில் பாதிக்கும் மேல் ராத்திரிதான். ராத்திரியில் ஓட்டுநர்களைப் போலவே தடத்துக்கு வெளியே நிற்பவர்களும் கண் விழிக்கிறார்கள். டயர் மாற்றுபவர், பெட்ரோல் கணக்குப் பார்ப்பவர், ரேடியோவில் பேசுபவர் யாரும் பகலில் செய்யாத தவறை விடியற்காலை நான்கு மணிக்குச் செய்துவிடக்கூடும்.

இரவு முழுக்க விழித்துச் செய்யும் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஜவ்வாது மலையிலேயே சாட்சி இருக்கிறது. காவலூரில், கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம். 1968-ல் ஒரு சிறிய தொலைநோக்கியுடன் அங்கே வேலை தொடங்கியது. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நட்சத்திரம் காத்திருக்காது, மேகமில்லாத நல்ல இரவு ஒன்று வீணானால் வீணானதுதான். ஆகவே அங்கே கருவியைச் சரிபார்ப்பதும், குளிரூட்டுவதும், தொலைநோக்கியின் பெரிய கண்ணாடிக்கு அவ்வப்போது புதிய அலுமினியப் பூச்சு போடுவதும் இருட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ராத்திரி என்பது உழைப்பின் பலனை எடுக்கும் நேரம். பழுது பார்க்கும் நேரம் அல்ல.

பந்தய அணியும் அப்படியே இரவைப் பகலிலேயே முடித்து வைக்கப் பார்க்கிறது. யார் எப்போது தூங்குவது, எப்போது சாப்பிடுவது என்பதற்கெல்லாம் அட்டவணை போடுகிறார்கள். லெ மான் விதிப்படி எந்த ஓட்டுநரும் 6 மணி நேர இடைவெளிக்குள் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. விதி ஓட்டுநருக்குத்தான். மெக்கானிக்குக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. அடுக்கி வைத்த டயர்களின் மேல் சாய்ந்து கால் மணி நேரம் கண்ணயர்வதுதான் பல நேரங்களில் அவருடைய ஓய்வு.

ஓட்டுநர் மாறும் அந்த ஒரு நிமிடத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தால், முன்தயாரிப்பு எவ்வளவு நுணுக்கமானது என்று புரியும். கார் வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர், பராமரிப்பு நிறுத்தமான பிட்டின் பாதைக்குள் நுழையும்போதே மனசுக்குள் வரிசை சொல்லத் தொடங்கிவிடுவார். வண்டி நின்றதும் கதவு வலையை விலக்கி, ரேடியோ வயரைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயைக் கழற்றி, ஆறு முனைகள் சேரும் பெல்ட்டின் பூட்டைத் திருகி, தன் உடலளவுக்கு வார்த்த சீட் மெத்தையையும் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறார். அடுத்தவர் தன் மெத்தையோடு உள்ளே விழுகிறார். முதலாமவர் ஓடிப் போய்விடுவதில்லை; குனிந்து தோள் பெல்ட்டுகளை எடுத்துக் கொடுத்து, இறுக்கி, ரேடியோவைச் செருகி, ஹெல்மெட்டைத் தட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார். ஆறடி உயரக்காரர் இறங்கி ஐந்தரை அடி உயரக்காரர் ஏறினால் பெடல் எட்ட வேண்டும், கண்ணாடி தெரிய வேண்டும். இந்த ஒரு நிமிடத்தை, சீசன் தொடங்குமுன் பட்டறையில் நிற்கிற காரில், கடிகாரம் வைத்து, கை தானாகப் போகும்வரை பழகுகிறார்கள்.

கிரெவென்டிக் பந்தயங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்ரோலை அவரவர் பிட்டில் போட முடியாது. எல்லா அணிகளுக்கும் பொதுவான பங்க் ஒன்று தடத்தை ஒட்டி இருக்கும், அங்கேதான் போக வேண்டும். கூட்டமாக இருந்தால் வரிசை. தடத்தில் விபத்து நடந்தால் 'கோட் 60' அறிவிப்பார்கள். எல்லாக் கார்களும் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிட வேண்டும். எதிரிகள் எல்லாரும் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் பிட்டுக்குள் வந்து போகிறவனுக்கு நஷ்டம் குறைவு. அப்படியொரு அறிவிப்பு வந்தால் இரண்டு நொடிக்குள் என்ன முடிவெடுப்பது என்பதைப் பந்தயத்துக்கு முன்பே நூறு விதமாக யோசித்து எழுதி வைத்திருப்பவரே அணியின் வியூகப் பொறியாளர்.

மூன்று நிமிடத்தில் போன வெற்றி

2016 லெ மான் பந்தயத்தில் டொயோட்டாவின் 5-ம் எண் கார் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஜப்பானின் கசுகி நகஜிமா. பந்தயம் முடிய மூன்று நிமிடங்களே மிச்சம். அப்போது காரின் சக்தி திடீரென்று இறங்கியது. அணியின் கண்ணெதிரிலேயே, தொடக்கக் கோட்டருகே கார் நின்றுபோனது. பின்னால் வந்த போர்ஷே ஜெயித்தது. டர்போசார்ஜருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே காற்றைக் கொண்டுபோகும் குழாயின் இணைப்பில் ஏற்பட்ட கோளாறு அது என்று பிறகு தெரிந்தது. 23 மணி நேரம் 57 நிமிடம் உழைத்த கார், கடைசி மூன்று நிமிடத்துக்கு ஓர் இணைப்பால் தோற்றது.

டொயோட்டா அதன்பின் செய்தது எல்லா அணிகளுக்கும் பாடம். வேகத்தைக் கூட்டுவதோடு நிற்காமல், கெட்டது நடந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்க்கத் தொடங்கியது. 2018 சீசனுக்கான சோதனைகளில் வேண்டுமென்றே கோளாறுகளை உண்டாக்கினார்கள். ஒரு சக்கரம் போன நிலையில் மூன்று சக்கரத்தில் காரைப் பிட்டுக்குக் கொண்டுவருவது எப்படி என்றுகூட ஓட்டுநர்களுக்குப் பழக்கினார்கள். அந்த ஆண்டு லெ மானில் முதல் இரண்டு இடமும் டொயோட்டாவுக்கே. ஜெயித்த காரை ஓட்டிய மூவரில் ஒருவர் அதே நகஜிமா. அங்கிருந்து 2022 வரை ஐந்து வருடம் தொடர்ந்து டொயோட்டாதான்.

ஆடியின் வழி வேறு. 2000-களின் தொடக்கத்தில் லெ மானை ஆண்ட ஆர்8 காரை வடிவமைக்கும்போதே, கெடும் என்று எதிர்பார்த்துக் கட்டினார்கள். கியர்பாக்ஸ் பழுதானால் அதை மட்டும் பிரிப்பதில்லை. பின்பகுதி முழுவதையும் அப்படியே கழற்றி, தயாராக வைத்திருக்கும் இன்னொன்றைச் சில நிமிடங்களில் பொருத்திவிடுவார்கள். மற்ற அணிகள் மணிக்கணக்கில் பறிகொடுத்த இடத்தில் ஆடி ஒன்றிரண்டு சுற்றுகளைத்தான் இழந்தது.

எவ்வளவு தயாரானாலும் கைமீறும் தருணங்கள் உண்டு. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2009-ல் கோலெஸ் அணிக்காக லெ மானில் ஓட்டவிருந்தார். ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியருக்கு அது இன்னொரு முதல் ஆகியிருக்க வேண்டியது. பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரிலிருந்து குதித்தபோது தோள்பட்டை இடம் பெயர்ந்துவிட்டது. மூவர் ஓட்ட வேண்டிய காரை ஆந்த்ரே லாட்டரரும் சார்ல்ஸ் ஸ்வால்ஸ்மனும் இரண்டே பேராக 24 மணி நேரமும் ஓட்டி ஏழாவது இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூன்று வருடம் கழித்து, 2012-ல், சென்னையின் கருண் சந்தோக் லெ மானில் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியரானார். ஜேஆர்எம் அணியில் டேவிட் பிரபாம், பீட்டர் டம்பிரெக் ஆகியோருடன் சேர்ந்து ஆறாவது இடம்.

துபாயில் நடந்தது

2025 ஜனவரி 7. பயிற்சி ஓட்டத்தில் அஜித் ஓட்டிய போர்ஷே தடுப்புச் சுவரில் மோதிப் பலமுறை சுழன்று நின்றது. அவர் காயமின்றி இறங்கி வந்தார். அந்தக் காணொலியை மறுநாள் தமிழ்நாடே பார்த்தது.

அதற்கு அடுத்து அவர் எடுத்த முடிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. 901-ம் எண் போர்ஷே கப் காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார். அந்த அணிக்கு உரிமையாளராக மட்டும் நின்று, ரசூன் அணியுடன் சேர்ந்து களமிறங்கிய 414-ம் எண் கேமன் ஜிடி4 காரை ஓட்டினார். தன் பெயரில் இருக்கும் அணியின் முதல் பெரிய பந்தயத்தில், எத்தனையோ ரசிகர்கள் பார்க்க வந்திருக்கும்போது, முதன்மைக் காரின் சீட்டிலிருந்து எழுந்துகொள்வது சாதாரண முடிவு அல்ல. அணிக்கு எது நல்லதோ அதைச் செய்ய ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தவரைத்தான் இந்தப் பந்தய உலகம் முழு ஓட்டுநராக ஏற்கிறது. ஜனவரி 12-ம் தேதி பந்தயம் முடிந்தபோது 901-ம் எண் கார் தன் பிரிவில் மூன்றாம் இடம். அஜித்துக்கு ஜிடி4 பிரிவில் 'ஸ்பிரிட் ஆஃப் தி ரேஸ்' விருது. மூவர்ணக் கொடியுடன் அவர் ஓடி வந்த படம் அடுத்த நாள் நாளிதழ்களில் வந்தது.

அந்த சீசனிலேயே தன் பிரிவில் இத்தாலியின் முஜெல்லோவில் 12 மணி நேரப் பந்தயத்தில் மூன்றாம் இடம், பெல்ஜியத்தின் ஸ்பாவில் இரண்டாம் இடம், செப்டம்பரில் பார்சிலோனா 24 மணி நேரப் பந்தயத்தில் மீண்டும் மூன்றாம் இடம் என்று அணி மேடை ஏறிக்கொண்டே இருந்தது. முதல் வருடத்திலேயே ஓர் அணி இவ்வளவு செய்வது பெரிது.

மறுபடியும் முதலிலிருந்து

அடுத்த அடி இன்னும் பெரியது. 2025-26 ஆசியன் லெ மான் சீரிஸில், எல்எம்பி3 வகைக் காருடன், நரேன் கார்த்திகேயனையும் சேர்த்துக்கொண்டு களமிறங்குவதாக அணி அறிவித்தது. நரேனுக்கு இந்தத் தொடர் பழக்கமானது. 2021-ல் அர்ஜுன் மைனி, நவீன் ராவ் ஆகியோருடன் முழுக்க இந்திய ஓட்டுநர்களைக் கொண்ட அணியாக எல்எம்பி2 பிரிவில் அவர் ஓட்டியது இதே தொடரில்தான். ஒவ்வொரு பந்தயமும் 4 மணி நேரம்.

4 மணி நேரம்தானே, 24 மணி நேரம் ஓடியவர்களுக்கு இது எம்மாத்திரம் என்று தோன்றலாம். அப்படியல்ல. போர்ஷே கப் கார் சாலையில் ஓடும் காரிலிருந்து பிறந்தது. எல்எம்பி3 காரோ பந்தயத்துக்கென்றே கார்பன் ஃபைபரில் கட்டப்பட்டது. காற்று அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. வேகம் கூடக் கூடப் பிடிமானமும் கூடும். பயந்து மெதுவாக வளைந்தால் நழுவும், துணிந்து வேகமாக வளைந்தால் ஒட்டிக்கொள்ளும். பல வருடம் உடம்பில் ஊறிய பயத்தை எதிர்த்துப் பழக வேண்டிய பாடம் இது. போதாததற்கு, ஒரே தடத்தில் எல்எம்பி2, எல்எம்பி3, ஜிடி என்று மூன்று வகைக் கார்கள் ஒன்றாக ஓடும். நடுவில் மாட்டிக்கொள்வது எல்எம்பி3. முன்னால் போகும் ஜிடி கார்களைத் தாண்ட வேண்டும். பின்னாலிருந்து பாய்ந்து வரும் எல்எம்பி2-க்கு வழியும் விட வேண்டும். இரண்டும் ஒரே வளைவில் நடக்கும்.

கணக்கு நோட்டும் புதிது. போர்ஷேயில் எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஒரு வருடமாகச் சேர்த்த அனுபவம் இந்தக் காருக்குப் பொருந்தாது. பிரேக் எவ்வளவு தேயும், டயர் எத்தனை சுற்று தாங்கும், சுற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முதல் பக்கத்திலிருந்து எழுதியாக வேண்டும். சீசனுக்குத் தயாராவது என்றால் இதுதான்.

சக்கரத்தைச் சுற்றி நிற்கும் கைகள்

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் தமிழர் இருக்கிறார். காரில் தமிழ்நாட்டின் சின்னம் இருக்கிறது. காரைச் சுற்றி நிற்கும் கைகள் யாருடையவை?

பெரும்பாலும் ஐரோப்பியருடையவை. அவர்களிடம் ஒரு நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த வேலைக்கு வேண்டிய கைகள் தமிழ்நாட்டில் இல்லையா? ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் லட்சக்கணக்கில் கார்கள் பிறக்கின்றன. ஓசூரில் டிவிஎஸ் இருக்கிறது, அசோக் லேலண்ட் இருக்கிறது. அஜித் தன் அணியை அறிவித்த அதே 2024 செப்டம்பரில், ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜவ்வாது மலையின் அடிவாரத்து இளைஞர்களுக்கு அது எட்டாத தூரம் இல்லை. மலை மேலேயே, ஜமுனாமரத்தூரில், அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. டார்க் ரெஞ்ச் பிடிக்கவும், அளவு தவறாமல் முடுக்கவும், முடுக்கியதைக் குறித்து வைக்கவும் ஐ.டி.ஐ.க்களில் சொல்லித் தருகிறார்கள். பந்தய மெக்கானிக்கின் வேலைக்கு அடித்தளம் இதுவேதான். மேலே சேர வேண்டியது வேகமும், இரவு விழிப்பும், பதற்றத்திலும் வரிசை மாறாத ஒழுங்கும்.

சென்னை நிறுவனங்கள் உலக மேடையில் தோற்றுப்போனதும் இல்லை. எம்ஆர்எஃப் ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்புக்குள் நுழைந்து, கரடுமுரடான தடங்களில் டயர்களைச் சோதித்துச் சோதித்து மேம்படுத்தியது. 2022-ல் அந்தச் சாம்பியன்ஷிப்பை வென்ற ஸ்பெயினின் எஃப்ரென் யரேனா ஓட்டியது டீம் எம்ஆர்எஃப் டயர்ஸ் அணிக்காகத்தான்.

வேண்டியது பழகும் களம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி, 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடம் கட்டியது. 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில்தான் இன்றைய இந்திய ஓட்டுநர்களில் பலர் கை பழகினார்கள். 2024-ல் தீவுத்திடலைச் சுற்றிச் சென்னைச் சாலைகளில் இரவுப் பந்தயமே நடத்திக் காட்டிவிட்டோம். இருங்காட்டுக்கோட்டையில் ஆண்டுதோறும் ஒரு 6 மணி நேரப் பந்தயம் நடத்தலாம். மாலையில் தொடங்கி நள்ளிரவுக்குள் முடியட்டும். கலந்துகொள்ளும் ஒவ்வொரு அணியும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள் இரண்டு பேரையாவது பிட்டில் நிறுத்த வேண்டும் என்று விதி வைக்கலாம். விலையுயர்ந்த கார்கள் வேண்டாம். இங்கேயே தயாராகும் சாதாரண கார்கள் போதும். பிரேக் பேடின் தேய்மானத்தை அளக்கவும், பிட்டில் வேகமாக டயர் மாற்றவும், கெட்ட செய்தி ரேடியோவில் வரும்போது பதறாமல் இருக்கவும் பழகுவதற்கு எந்தக் காரும் போதும். ஐந்து வருடம் இப்படி நடந்தால், துபாய்க்கோ மலேசியாவின் செபாங்குக்கோ போகும் தமிழ்நாட்டு அணி தன் மெக்கானிக்குகளையும் கூடவே அழைத்துக்கொண்டு போகலாம்.

இரு சக்கரத்தில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. ஓசூரின் டிவிஎஸ், பிரான்ஸின் ஷெர்கோவுடன் கைகோத்து உலகின் மிகக் கடினமான ராலியான டகாருக்குப் போனது. 2024-ல் கேரளத்தின் ஷோரனூரைச் சேர்ந்த ஹரித் நோவா, சவூதி அரேபியாவின் மணல்மேடுகளைத் தாண்டி ஒட்டுமொத்தத்தில் 11-வது இடமும் ராலி2 பிரிவில் முதலிடமும் பிடித்தார். எந்த இந்தியரும் அதுவரை தொடாத இடம் அது. வழிகாட்டும் குரல் இல்லாமல், வழிக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் பாலைவனத்தில் தனியாக ஓட்டுவதற்கு ஒருவர் எப்படித் தயாராகிறார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)